இங்கு நான் நலம்

பிப்ரவரி 4

பாம்புக்கு அடுத்தபடியாகப் படம் எடுத்துப் பிழைக்கும் அக்காவுக்கு,

வாலு எழுதுவது. இங்கு யாவரும் நலம். யாவரும் என்றால் நான், அப்பா, அடுப்படிப் பல்லி. உன் நலத்தையும் உன் லென்சின் நலத்தையும் தனித்தனியாக எழுது.

ரயில் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என் காதைத் திருகிவிட்டு, "இனிமே நீ எழுதுறதுல பாதியைத்தான் நம்புவேன்" என்று சொன்னாய் அல்லவா? எந்தப் பாதி என்று சொல்லாமலே போய்விட்டாய். மேல்பாதியா, கீழ்ப்பாதியா? தெரிந்தால் அதற்குத் தகுந்தபடி எழுதுவேன்.

போன வருஷம் நான் செய்தது தப்புதான். "அப்பா படுத்துட்டார், உடனே வா" என்று எழுதினேன். அறுப்பு தொடங்கும் அன்றைக்கு வயலை விட்டுவிட்டு மூன்று ரயில் மாறி வந்து விழுந்தாய். அப்பா சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். "படுத்துட்டார்னுதானே எழுதினேன்? எழுந்துக்கலைன்னா எழுதினேன்?" என்று கேட்டேன். நான் சிரித்த அளவுக்கு நீ சிரிக்கவில்லை. திரும்பிப் போனபோது வயலில் அடிக்கட்டைதான் மிச்சம் என்றாய். அதற்கு ஈடாகத்தான் இந்த வருஷம் பன்னிரண்டு அறுவடை, பன்னிரண்டு படம், ஒரு காலண்டர் என்று கிளம்பியிருக்கிறாய். எடுத்து முடி. நான் வாலைச் சுருட்டிக்கொள்கிறேன்.

அச்சகத்தில் அப்பா இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறாராம். கட்டிங் மெஷினில் நின்றுகொண்டு முதலாளியிடமே சொல்லியிருக்கிறார்: "காலண்டர் தாள் மொத்தமும் நான்தான் வெட்டுவேன், வேற எவனும் கை வைக்கக் கூடாது. மக எடுத்த வயலை அப்பன் அறுக்கிற பாக்கியம் எவனுக்குக் கிடைக்கும்?" வயலில் அறுப்பதும் தாள், அச்சகத்தில் வெட்டுவதும் தாள். என்னைவிட நன்றாக வார்த்தையைத் திருப்புகிறார். பீரோ என்று நான் பெயர் வைத்ததற்குப் பழிவாங்கலோ என்னவோ. ஆனால் பீரோ பீரோதான். வாசலில் வந்து நின்றால் இப்போதும் வீடு இருட்டிவிடுகிறது.

நீ விட்டுப்போன பழைய கேமராவில் ஒரு ரோல் இருக்கிறது. தொடலாமா?

சுருட்டிய வாலுடன்,
வாலு

✻

பிப்ரவரி 21

அடியே வாலு,

நான் நலம். லென்சுக்குத்தான் தூசித் தொல்லை. நான் ஒரு கிராமத்தில் இருக்கிறேன், தபால் நிலையம் ஒரு டவுனில் இருக்கிறது. ஃபிலிம் கழுவ டவுனுக்குப் போகும்போதுதான் உன் கடிதம் கைக்கு வரும். பதில் தாமதமானால் ஒப்பாரி வைக்காதே.

முதல் அறுவடை முடிந்தது. வெளிச்சம் வருவதற்கு முன்பே இருபது பேர் வரிசையாக இறங்கினார்கள். அரிவாள் பிடித்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். அதன் பிறகு ஒரு மணி நேரம் ஒருத்தரும் நிமிரவில்லை. சரக், சரக் என்ற சத்தம் மட்டும். வெயில் சாய்வாக ஏறியபோது அந்த முதுகுகளின் மேல் தூசி பொன்னாகப் பறந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். இது இன்னும் எத்தனை வருஷம் இருக்குமோ தெரியாது, ஆனால் அந்த ஒரு மணி நேரம் உலகத்திலேயே அழகான இடம் அதுதான்.

ஒரு பாடம் சொல்கிறேன், படத்துக்குப் பாடம். முகத்தை எடுக்காதே. முகம் வந்தால் பார்ப்பவன் அழகை விட்டுவிட்டு, இவன் யார், என்ன கஷ்டம் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவான். முதுகை எடு. முதுகுக்கு ஊர் கிடையாது, பேர் கிடையாது.

ரோலைத் தொடலாம். கறுப்பு வெள்ளைதான். முப்பத்தாறையும் பல்லிக்கே செலவழிக்காதே. அப்பாவை ராத்திரி வேலைக்கு நிற்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

உன் காதுக்குச் சொந்தக்காரி,
அக்கா

✻

மார்ச் 9

அன்பான முதுகுக்காரிக்கு,

இங்கு நான் நலம்.

நீ அனுப்பிய இரண்டு படமும் வந்தன. எல்லோரும் புறமுதுகு காட்டுகிறார்களே அக்கா! பின்னால் நிற்பது வைக்கோல் போர் என்பதாலா? போரில் புறமுதுகு காட்டலாமா? இதை அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். சிரித்தால் தையல் இழுக்கிறதாம். சட்டைத் தையல்தான். சட்டை சின்னதாகிவிட்டது என்று வைத்துக்கொள்.

அத்தை வந்திருக்கிறாள். ஒரு பெட்டியோடு இல்லை, இரண்டு பெட்டியோடு. "எத்தனை நாள் இருப்பீங்க அத்தே?" என்று கேட்டதற்கு, "போடி, கேள்வி கேட்காம வெங்காயத்தை உரி" என்றாள். வெங்காயத்தை உரிக்கும் முன்பே அவள் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது.

உன் பக்கம் அறுவடை, எங்கள் பக்கம் அறுவை. போன புதன்கிழமை. மூன்று மணி நேரம். வழக்கமாக அறுவை போடுவது நான், அதனால்தான் எல்லோரும் தாங்கிக்கொள்கிறார்கள். இது நான் போட்டது இல்லை. ஒரு நீளமான பச்சைச் சுவருக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து சுவரில் எத்தனை ஆணி என்று எண்ணினேன். பதினேழு.

அப்பா என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார், உனக்கு ஒரு வார்த்தை போகக் கூடாது என்று. எதைப் பற்றி என்று எழுதினால் அதுவே ஒரு வார்த்தை ஆகிவிடும். எனவே எழுதவில்லை. அச்சகத்துக்கு லீவு போட்டிருக்கிறார், அதை மட்டும் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

வாலு

✻

மார்ச் 31

வாலு,

நான் நலம். நீ திருந்தமாட்டாய்.

போன வருஷம் "படுத்துட்டார்", இந்த வருஷம் "அறுவை"யா? தையலாம், சத்தியமாம், பச்சைச் சுவராம். ஆணி வரைக்கும் எண்ணிப் போட்டிருக்கிறாய். கதை கட்டுவதில் முன்னேற்றம் தெரிகிறது. ஒரு பாதியை நம்பினேன், அத்தை வந்திருக்கிறாள் என்ற பாதியை. அப்பா ஒரு வழியாக லீவு எடுத்து ஓய்வில் இருக்கிறார் என்பதும் சந்தோஷம். மறுபடியும் என்னை ரயிலேற்றிச் சிரிக்கலாம் என்று பார்க்காதே. உண்மையாக ஏதாவது இருந்தால் அப்பாவையே ஒரு வரி எழுதச் சொல்.

இங்கே மூன்றாவது வயல். கதிரை அறுத்ததும் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக்கொண்டே போகிறார்கள். பின்னால் வருபவர் கட்டுகிறார். கட்டுக்குக் கயிறு கிடையாது, அதே தாளை முறுக்கி அதையே கட்டிவிடுகிறார்கள். பார்க்க அவ்வளவு அழகு.

நேற்று கட்டு கட்டும் ஒரு அம்மா என் பின்னால் வந்து நின்று, "காலையிலேருந்து எங்க முதுகையே எடுக்கிறியே, எங்க மூஞ்சி என்ன அவ்வளவு மோசமாவா இருக்குது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். "முதுகுதாம்மா அழகா இருக்கு" என்றேன். "ஆமா, வலிக்கிறது உனக்கு இல்லையே" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார்.

உன் ரோல் முடிந்தால் அனுப்பு. நானே கழுவுகிறேன்.

அக்கா

✻

ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நான் நலம்.

நீ கேட்டதை அப்பாவிடம் சொன்னேன். கீழே எழுதியிருக்கிறார், பார். அவர் எழுதிய பிறகு நான் எழுத என்ன இருக்கிறது? ஆனாலும் எழுதுவேன். கை சும்மா இருக்காது.

உன் வயலில் கதிர் அறுக்கிறார்கள். இங்கே கதிர்தான் அறுக்கிறது. வாரத்துக்கு ஐந்து நாள், காலையில் பஸ் பிடித்துக் கதிருக்குப் போகிறோம். கண்ணுக்கே தெரியாத கதிர். கதவைச் சாத்திக்கொள்வார்கள். நான் வெளியே.

ரோல் பாதி ஓடிவிட்டது. அப்பாவால் இப்போது மெஷினில் நிற்க முடியாது, நிற்க வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆனால் சும்மா உட்காரமாட்டேன் என்று அடம். அதனால் அச்சகத்தில் வெட்டியது போக விழும் ஓரத் தாளையெல்லாம் மூட்டை மூட்டையாக வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பின்கட்டில் கொட்டிவைத்து, நீள நீளமான அந்தத் துண்டுகளை அப்பா பிடி பிடியாக எடுத்துக் கட்டுகிறார். கயிறு வேண்டாம் என்கிறார். நீ எழுதியிருந்தாயே, அதே மாதிரி தாளை முறுக்கித் தாளையே கட்டப் பார்க்கிறார். அறுந்து அறுந்து போகிறது. "உங்க அக்கா பார்த்தா இதுவும் ஒரு களம்னு எடுத்துடுவா" என்றார். கேமராவை எடுத்து வந்தேன். சட்டென்று திரும்பிக்கொண்டார்.

"முதுகை மட்டும் எடு. மூஞ்சியைப் பார்த்தா கிளம்பி வந்துடுவா."

நீயும் முதுகைத்தான் எடுக்கச் சொன்னாய். இரண்டு பேருக்கும் நடுவில் நான் நல்ல பிள்ளையாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வாலு

கண்ணு, நான் நல்லா இருக்கேன். சின்னது ஏதாவது எழுதும், கண்டுக்காதே. கதிர் நிக்காது. அதை முடிச்சிட்டு வா. நான் நிப்பேன். அப்பா.

✻

மே 6

அக்கா,

இங்கு நான் நலம்.

மூன்று வாரமாகப் பதில் இல்லை. வயல் மாறிப் போயிருப்பாய். ரோலை முடித்துவிட்டேன். டப்பாவைத் துணியில் சுற்றி, அந்தத் துணியைப் பையில் போட்டுத் தைத்து அனுப்புகிறேன். முப்பத்தாறில் மூன்று பல்லி. மன்னிக்கவும்.

ஒரு விஷயம் யோசித்தேன். நேராக எழுதினால் என்ன என்று. சத்தியம் உடைந்தால் உடையட்டும், என் தலைதானே. ஒரு தாள் எடுத்து எழுதியும் பார்த்தேன். "அப்பா படுத்துட்டார்." அவ்வளவுதான். படித்துப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வருவது மாதிரி இருந்தது. அந்த வார்த்தையை நான் போன வருஷமே செலவழித்துவிட்டேன். இப்போது தேவைப்படும்போது கையில் இல்லை. அடித்துவிட்டேன்.

எனவே படத்தைக் கழுவு. படத்தில் நான் பகடி எதுவும் செய்யவில்லை. சீக்கிரம் கழுவு.

அத்தை இப்போது வெங்காயம் இல்லாமலே.

வாலு

✻

மே 29

என் செல்ல வாலுக்கு,

நான் நலம். ஆறாவது வயலிலிருந்து இறங்கி வந்தேன், உன் இரண்டு கடிதமும் ரோலும் ஒன்றாகக் கிடைத்தன. முதலில் அப்பா எழுதியதைப் படித்துவிட்டேன். கையெழுத்து கொஞ்சம் கோணல், கட்டிலில் சாய்ந்துகொண்டு எழுதினாரா? லீவு அவரைச் சோம்பேறி ஆக்கிவிட்டது போல. அவரே எழுதிவிட்டதால் உன் கதிரும் வெங்காயமும் எந்தப் பாதி என்று புரிந்துவிட்டது! கடிதங்களை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு இருட்டறைக்கு ஓடினேன். நிதானமாகப் பிறகு படிக்கிறேன்.

வாலு, நீ போட்ட அறுவைகளையெல்லாம் இன்றோடு மன்னித்தேன். அந்தப் பதினொன்றாவது படம்! நான் நான்கு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தது அதுதான். வைக்கோல் குவியலுக்கு நடுவே சட்டையில்லாமல் உட்கார்ந்திருக்கிறாரே ஒரு பெரியவர், யார் அது? எந்த ஊர்க் களம்? தலையில் ஒரு முடி இல்லை. தோள்பட்டை இரண்டும் மடக்கிய குடை மாதிரி. முதுகெலும்பை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். கையில் ஒரு பிடி தாள். அந்த முதுகில் ஒரு முழு அறுவடை முடிந்து, வயல் வெறுமையாகக் கிடப்பது மாதிரி இருக்கிறது. அவ்வளவு அழகு. கழுவும் தட்டில் அது மேலே எழும்பி வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

காலண்டரின் டிசம்பர் பக்கம் இதுதான். உன் பெயரோடு. அந்தப் பெரியவரிடம் சம்மதம் கேட்க வேண்டும். யார், எங்கே என்று உடனே எழுது. பதினைந்தாம் தேதி வரை தபால் நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில்தான் இருப்பேன்.

அப்பாவிடம் படத்தைப் பற்றிச் சொல். பீரோ பெருமையில் இன்னும் ஒரு சுற்றுப் பெருக்கட்டும்.

பெருமையுடன்,
அக்கா

✻

ஜூன் 4, தந்தி

அது அப்பா. வா.

✻

ஜூன் 5, தந்தி

கிளம்பிவிட்டேன். அப்பாவிடம் சொல். கதிர் நிற்கட்டும்.

✻

ஆகஸ்ட் 12

வாலு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நீ சாப்பிடுகிறாயா? அத்தையிடம் சண்டை போடாதே.

ஒன்பதாவது வயலில் இருக்கிறேன். முடித்துவிட்டுத்தான் வரவேண்டும் என்று அப்பா சொன்னதற்காக இருக்கிறேன். இல்லையென்றால் கேமராவை ஆற்றில் போட்டிருப்பேன்.

இங்கே ராப்பொழுது நீளம். உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். முதல் கடிதத்தில் "இங்கு யாவரும் நலம்". அதற்குப் பிறகு ஒவ்வொன்றிலும் "இங்கு நான் நலம்". நான், நான், நான். நீ ஒரு பொய்கூட எழுதவில்லை. வார்த்தையைத் திருப்புவதே வேலையாக இருப்பவள் ஒரு வார்த்தையை மாற்றி வைத்தால் பார்க்க வேண்டாமா? முதுகில் ஒளி எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்கத் தெரிந்தவளுக்கு அது தெரியவில்லை. தந்தியில்தான் உன்னிடமிருந்து பகடியே இல்லாத வரி வந்தது. அதை முழுசாக நம்பினேன். மூன்று ரயில், அதே மூன்று ரயில்.

அப்பாவோடு எட்டு நாள் கிடைத்தது.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் வந்த நாலாம் நாள், நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். அந்தப் பதினொன்றாவது படத்தை அப்பா பார்க்க வேண்டும் என்றார். கொடுக்க மனசில்லை, கொடுத்தேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"யாரும்மா இந்த ஆளு? பாவம், யாருமே இல்லாதவன் மாதிரி உட்கார்ந்திருக்கானே."

"நீதாம்பா" என்றேன்.

மறுபடியும் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கி, வலியில் நிறுத்திக்கொண்டு, என் கையைத் தட்டினார். "தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்க? எனக்கே தெரியல, உனக்கு எப்படித் தெரியும்? விடு." கொஞ்சம் பொறுத்து, "இதையே போடு. ஆனா கட்டிங் யாரு பண்றாங்கன்னு பார்த்துக்கோ. ஓரத்துல ஒரு நூல் அளவு இடம் விட்டு வெட்டச் சொல்லு" என்றார்.

நான் அதற்குப் பிறகும் அவர் முகத்தை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் திரும்பி உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். கேட்டுப் பார்த்திருக்கலாம்.

இன்றைக்கு வயலில் கட்டு கட்டும் ஒருவரிடம் முதலில் போய்ப் பேசினேன். எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். இடுப்பைக் காட்டினார். பிறகு கேமராவைக் காட்டி, எடுக்கட்டுமா என்றேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு நேராகப் பார்த்தார். எடுத்தேன். அழகாக வந்திருக்கிறதா என்று தெரியவில்லை. இன்னும் கழுவவில்லை.

அக்கா

✻

டிசம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

காலண்டர் வந்துவிட்டது. முதலாளி கட்டாகத் தூக்கிக்கொண்டு அவரே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார். அப்பாவின் நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

பத்து மாதம் உன் முதுகுகள். நவம்பரில் அந்த இடுப்பு வலிக்காரர், முகத்தோடு. அத்தை அவரைப் பார்த்துவிட்டு, "இவரு ஏன் நம்மளையே முறைக்கிறாரு?" என்று காலண்டரைக் கொஞ்சம் தள்ளி மாட்டச் சொன்னாள். டிசம்பரில் அப்பா. பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர், "எந்த ஊர் களம்மா இது? போர் நல்லா உயரமா இருக்கே" என்றார். "நம்ம பின்கட்டுதான்" என்றேன். நான் ஏதோ பகடி பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார். அதுதான் எனக்குத் தண்டனை என்று நினைக்கிறேன். இனி ஆயுசுக்கும் நான் உண்மையைச் சொன்னால் ஜனங்கள் சிரிப்பார்கள்.

கட்டிங் சரியில்லை அக்கா. புதிதாக வந்தவர் வெட்டியிருக்கிறார். நூல் விடவில்லை. டிசம்பரில் வலது ஓரம் ஏறிப்போய், அப்பாவின் முழங்கை கொஞ்சம் போய்விட்டது. "இது கட்டிங்கா, கடியா?" என்று கேட்டிருப்பார். வெட்டி எறிந்த ஓரத் தாளை அனுப்பச் சொல்லி முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். அந்த மூட்டையில் எங்கேயாவது முழங்கை இருக்கும்.

ஜனவரியை மேலே வைத்து மாட்டியாயிற்று. இனி பதினோரு மாதம் அப்பா மற்ற எல்லா வயலுக்கும் பின்னால் நிற்பார். நிப்பேன் என்றுதானே சொன்னார். நான் தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும்போது கடைசித் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறேன். திரும்புவதே இல்லை. பிடிவாதக்காரர்.

பன்னிரண்டு பக்கமும்தான் முடிந்துவிட்டதே, வா. காரணம் எதுவும் எழுதப் போவதில்லை. சும்மா வா.

இங்கு யாவரும் நலம். யாவரும் என்றால் நான், அத்தை, அடுப்படிப் பல்லி.

வழக்கம்போல் பாதியை நம்பு.

உன்,
வாலு